குப்பைமேட்டு வாயுவில் டேட்டா சென்டர் ஓடுமா?

கேள்வி: மும்பை தேவனார் குப்பைமேட்டில் புகைந்து வீணாகும் வாயுவை உறிஞ்சி, நவி மும்பை டேட்டா சென்டர்களுக்கு மின்சாரம் எடுக்க முடியாதா?
– வாசகி, செம்பூர்

பதில்: புகை வேறு, வாயு வேறு. காற்றுப் படாமல் மட்கும் குப்பையில்தான் மீத்தேன் உண்டாகும். வரும் வாயுவில் அது ஏறக்குறையப் பாதி. 1 மெகாவாட் எஞ்சினுக்கு அந்த வாயு மணிக்குச் சுமார் 500 கனமீட்டர் வேண்டும். திறந்து கிடக்கும் மேட்டில் பெரும்பகுதி தப்பிவிடும். அதனால் போரிவலி பக்கம் கோராய் மேட்டை மூடியதுபோல முதலில் மூட வேண்டும்.

பிறகு மேட்டில் கிணறுபோலத் துளையிட்டு, ஓட்டைகள் போட்ட எச்.டி.பி.இ. (கெட்டி பிளாஸ்டிக்) குழாயை இறக்கி, சுற்றிலும் ஜல்லி கொட்டி, வாய்ப்பக்கத்தைப் பென்டோனைட் களிமண்ணால் அடைத்து, புளோயரால் (உறிஞ்சும் விசிறியால்) வாயுவை இழுப்பார்கள். கிணற்றுக்கு ஒரு வால்வு. கூடுதல் வாயுவுக்கு ஆசைப்பட்டு அதை அதிகம் திறந்தால் மேட்டுக்குள் காற்று புகும். ஆக்ஸிஜன் 5 சதவீதத்தையோ, வாயுவின் சூடு 55 டிகிரியையோ தாண்டினால் உடனே வால்வைக் குறைக்க வேண்டும். விட்டால் உள்ளுக்குள் தீப்பிடிக்கும். அதை அணைப்பது லேசில்லை.

மும்பையில் பெரிய தலைவலி மழைதான். குப்பைநீர் கிணற்றில் ஏறி ஓட்டைகளை மூழ்கடித்தால் வாயு நின்றுவிடும். பம்ப் வைத்து இறைத்தாக வேண்டும். மேடு அமுங்கும்போது குழாய் தொய்ந்து, அந்தத் தொய்வில் தண்ணீர் தேங்கியும் அடைக்கும்.

இன்னொரு எதிரி நம் ஷாம்பு! அதிலுள்ள சிலாக்சேன் என்ற சிலிக்கன் கலந்த வேதிப்பொருள் எஞ்சினுக்குள் எரிந்து வெள்ளை மணலாக வால்விலும் பிஸ்டனிலும் படியும். ஆக்டிவேட்டட் கார்பன் (நுண்துளைக் கரி) அதைப் பிடிக்கும்; ஆனால் வாயுவை முதலில் உலர்த்தாவிட்டால் கார்பன் ஈரத்தையே குடித்துத் தீர்ந்துபோகும்.

ஆயில் மாற்றவாவது எஞ்சினை நிறுத்தித்தானே ஆக வேண்டும்? ஆகவே யூ.பி.எஸ்., டீசல் ஜெனரேட்டர், கிரிட் எல்லாம் அப்படியே இருக்கும். இது கிரிட்டில் வாங்கும் யூனிட்டைக் குறைக்கும், அவ்வளவே.

கேள்வி: மூடிய மேட்டின்மேல் சோலார் போட்டால்?
– வாசகர், மாட்டுங்கா

பதில்: போடலாம். தூண் அடிக்கக் கூடாது, மூடிய ஷீட் கிழியும். கான்கிரீட் எடைக்கட்டைமேல் நிறுத்த வேண்டும். 1 மெகாவாட்டுக்குச் சுமார் 4 ஏக்கர். ஆண்டுக்கு ஏறத்தாழ 15 லட்சம் யூனிட். இடைவிடாமல் 1 மெகாவாட் இழுக்கும் டேட்டா சென்டருக்கோ 87.6 லட்சம் யூனிட் வேண்டும்.

கேள்வி: முலுண்ட் குப்பைமேட்டில் பயோமைனிங் நடந்ததே, அங்கே வாயு எடுக்கலாமா?
– வாசகர், தானே

பதில்: முடியாது. பழைய குப்பையைக் கிளறிக் காற்றாட விட்டுச் சலிக்கும் வேலை அது, மீத்தேனுக்கு இடமில்லை. மிஞ்சுவது நிலமும், சிமென்ட் ஆலைக்கு எரிக்கப் போகும் பிளாஸ்டிக், துணிக் கழிவும்தான்.