எடைக்கு வாங்கும் இரும்பு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

சூரமங்கலத்திலிருந்து ஒரு வாசகர்: பழைய மினி லேத் ஒன்றை வாங்கி மாடியில் போட்டிருக்கிறேன். சின்னதாக ஒரு நீராவி இன்ஜின் மாடல் செய்ய ஆசை. புது ராடு கேட்டால் முழு நீளம் எடுக்கச் சொல்கிறார்கள். காயலான் கடையில் எடைக்கு எடுக்கலாமா? எது என்ன இரும்பு என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

தாராளமாக எடுக்கலாம். ஆனால் முதலில் போகவேண்டிய இடம் காயலான் கடை இல்லை, உங்கள் ஏரியாவில் இருக்கும் லேத் பட்டறை. ராடை அறுத்து வேலை செய்யும் எந்தப் பட்டறையிலும் மூலையில் ஒரு டப்பா நிறைய மிச்சத் துண்டுகள் கிடக்கும். இரண்டு அங்குலம், மூன்று அங்குலம் என்று அவர்களுக்கு உதவாத நீளம்; உங்கள் மாடலுக்கு அதுவே ஜாஸ்தி. அதில் பெரிய லாபம் விலையில் இல்லை. "இது ஈஎன்8-ங்க, அது எம்எஸ்-ங்க" என்று அறுத்தவர் வாயாலேயே தெரிந்துகொள்ளலாம். (எம்எஸ் என்றால் கார்பன் குறைந்த சாதா இரும்பு, ஈஎன்8 என்றால் கார்பன் கூடிய உறுதியான இரும்பு.) சாயங்காலம் வேலை முடிகிற நேரமாகப் பார்த்துப் போங்கள். காலையில் போய் நின்றால் யாருக்கும் பேச நேரமிருக்காது.

காயலான் கடையில் அந்த வசதி கிடையாது. அங்கே துண்டுக்குப் பெயர் இல்லை, எடை மட்டும்தான். அதனால் "இது என்ன இரும்பு?" என்று கேட்காமல், "இது முன்னே என்னவாக இருந்தது?" என்று கேளுங்கள். முதல் கேள்விக்குக் கடைக்காரர் வாய்க்கு வந்ததைச் சொல்வார். இரண்டாவதற்குப் பெரும்பாலும் உண்மையே வரும், ஏனென்றால் அதில் பொய் சொல்லி அவருக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை.

சங்ககிரி, நாமக்கல் பக்கம் லாரித் தொழில் இருக்கும்வரை நம்ம சேலத்துக் கடைகளில் லாரிச் சாமானுக்குப் பஞ்சமில்லை. அதில் நான் முதலில் தேடுவது தேய்ந்த பிரேக் டிரம். நல்ல சாம்பல் வார்ப்பிரும்பு. ஃபிளைவீல், பிஸ்டன் ரிங், சிலிண்டர் எல்லாம் அதிலிருந்தே எடுக்கலாம். ஆயில் ஊற்றாமல் காய்ந்தபடியே கடையுங்கள். வரும் கறுப்புத் தூளை லேத் பெட்டில் தங்கவிடாமல் அவ்வப்போது துடைத்துவிடுங்கள். டிரம்முக்குள் ஒட்டியிருக்கும் பிரேக் தூசியை மட்டும் வாயால் ஊதக் கூடாது, பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். நனைத்துத் துடைத்து எறியுங்கள். ஸ்பிரிங் பட்டை கத்திக்கும் உளிக்கும் ஆகும், லேத்துக்கு ஆகாது. கிங்பின்னும் (முன்சக்கரம் திரும்ப உதவும் முளை) பேரிங்கும் பார்க்க அழகாக இருக்கும், மேல்தோல் கண்ணாடி மாதிரி கடினம், ஆரம்பத்தில் வேண்டாம். கட்டடத்தில் மிஞ்சிய டிஎம்டி கம்பியும் வேண்டாம். அதுவும் மேலே கடினம், உள்ளே மெத்து, வரிவரியாக வேறு இருக்கும்.

கடைக்குப் போகும்போது பையில் ஒரு காந்தம், ஒரு சின்ன அரம், விட்டம் அளக்க ஒரு வெர்னியர் இருக்கட்டும். மூன்றில் அரம்தான் முக்கியம். இதை நான் காசு கொடுத்துக் கற்றுக்கொண்டேன். ஒருமுறை செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் ஒரு கடையில், 25 மி.மீ. கனத்தில் ஒன்றரை அடி ராடு, முகம் பார்க்கலாம் போலப் பளபளவென்று கிடந்தது. "வெள்ளி மாதிரி இருக்கு பாருங்க, எஸ்எஸ்-ங்க" என்றார் கடைக்காரர், அதாவது துருப்பிடிக்காத ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். காந்தம் பச்சென்று ஒட்டியது. சரி, எஸ்எஸ் இல்லை, பிரைட் ராடுதான் (பளபளப்பாக இழுத்த சாதா இரும்பு) என்று நானாக முடிவு கட்டி எடுத்து வந்தேன். லேத்தில் மாட்டி டூலை வைத்ததும் 'கீச்' என்று ஒரு சத்தம். ராடில் நகக்கீறல் அளவுக்குக்கூட ஒன்றுமில்லை, டூல் முனைதான் மழுங்கி நீலம் பாய்ந்து நின்றது. அது பொக்லைன் ஹைட்ராலிக் சிலிண்டர் ராடு. மேலே குரோம், அதற்குக் கீழே சூடேற்றிக் கடினப்படுத்திய தோல். கடையிலேயே அரத்தை ஒரு இழுப்பு இழுத்திருந்தால் கடிக்காமல் வழுக்கியிருக்கும், எனக்கும் தெரிந்திருக்கும். கார்பைடு டிப் (இன்னும் கடினமான டூல் முனை) வாங்கி, ஒரே வெட்டில் தோலுக்கு அடியில் இறங்கினேன். உள்ளே இருந்தது அருமையான இரும்பு என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

வீட்டுக்கு வந்தபின் சாணைக்கல்லில் பொறி பார்க்கலாம். வெயிலில் தெரியாது, நிழலில் பாருங்கள். எம்எஸ் என்றால் வெளிர் மஞ்சளாக நீளக் கோடுகள், நுனியில் ஒன்றிரண்டு கிளை. கார்பன் கூடக் கூடக் கம்பி மத்தாப்பு மாதிரி பூப்பூவாக வெடிக்கும். வார்ப்பிரும்பில் பொறி மங்கிய சிவப்பாகக் கிளம்பிக் கொஞ்ச தூரத்திலேயே அணைந்துவிடும். எச்எஸ்எஸ் (ஹை ஸ்பீட் ஸ்டீல்) டூல் என்றால் இருண்ட சிவப்பில், பூ இல்லாமல், சோகையாக வரும். இதையெல்லாம் படித்து மனப்பாடம் செய்ய முடியாது. எம்எஸ்ஸுக்கு ஒரு ஆங்கிள் துண்டு, கார்பன் கூடியதற்கு உடைந்த அரம் ஒன்று, இரண்டையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, மாற்றி மாற்றித் தேய்த்து ஒப்பிடுங்கள். அலுமினியம், பித்தளை, செம்பில் பொறி வராது, கல்லின் வாய்தான் அடைபடும். அவற்றைச் சாணையில் வைக்கவே வைக்காதீர்கள்.

எம்எஸ்ஸா, ஈஎன்8-ஆ என்ற சந்தேகம் அதற்கு மேலும் இருந்தால், ஓரத்தில் மெல்லிசாக ஒரு சில்லு அறுத்து, காந்தம் ஒட்டாத அளவுக்குச் செக்கச்செவேலென்று காய்ச்சித் தண்ணீரில் போடுங்கள். ஆறியபின் அரம் முன்போலவே கடித்தால் எம்எஸ். வழுக்கினால் ஈஎன்8 அல்லது அதற்கு மேல். பெரிய கடைகளில் துப்பாக்கி மாதிரி ஒரு எக்ஸ்ரே கருவி வைத்திருப்பார்கள். அது நிக்கல், குரோமியம் எல்லாம் புட்டுப்புட்டு வைக்கும். கார்பன் மட்டும் அதன் கண்ணுக்குத் தெரியாது. எம்எஸ்ஸிலிருந்து ஈஎன்8-ஐப் பிரிப்பதே கார்பன்தான் என்பதால் நம் வேலைக்கு அந்தத் துப்பாக்கியைவிடத் தண்ணீர் வாளி மேல்.

இன்ஜினின் பாய்லரை மட்டும் இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். அழுத்தம் தாங்கவேண்டிய எதையும் பெயர் தெரியாத உலோகத்தில் செய்யக் கூடாது. அதற்குப் பில்லோடும் டெஸ்ட் சர்டிஃபிகேட்டோடும் புதுச் சரக்கு வாங்குங்கள்.

அம்மாப்பேட்டையிலிருந்து: "304 எஸ்எஸ், சேலம் ஸ்டீல் சரக்கு, காந்தம் ஒட்டாது பாருங்க" என்று சொல்லி ஒரு ரவுண்டு ராடுக்குக் கூடுதல் விலை கேட்கிறார்கள். நம்பலாமா?

நம்மூர் உருக்காலையில் 1980களின் தொடக்கத்திலிருந்து உருட்டுவது தகடும் சுருளும். ரவுண்டு ராடு அந்தப் பட்டியலில் இல்லை. ஆகவே "சேலம் ஸ்டீல் ராடு" என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு நகருங்கள்.

காந்தம் ஒட்டாததும் 304-க்குச் (நிக்கல் கூடிய நல்ல எஸ்எஸ் வகை) சாட்சி ஆகாது. நிக்கலைக் குறைத்து மாங்கனீஸைக் கூட்டிச் செய்யும் 200 வரிசைச் சரக்கிலும் காந்தம் ஒட்டாது. அது விலை மலிவு, துருவும் சீக்கிரம் பிடிக்கும். மறுபக்கம், அசல் 304-ஐ வளைத்த இடத்திலும் இழுத்த இடத்திலும் காந்தம் லேசாகப் பிடிக்கும். அதைப் பார்த்துவிட்டு நல்ல துண்டைத் தூக்கி எறிபவர்களும் உண்டு. எஸ்எஸ் வாங்கி விற்கும் கடைகளில் ஒரு சொட்டு மருந்தும் 9 வோல்ட் பேட்டரியும் வைத்திருப்பார்கள். மருந்து வைத்த இடம் சிவந்தால் 200 வரிசை. சொட்டு வைத்துக் காட்டச் சொல்லுங்கள். மறுத்தால் சாதா எஸ்எஸ் விலைக்குக் கேளுங்கள்.

கடையும்போது ஒரு விஷயம்: எஸ்எஸ்ஸில் டூலைச் சும்மா உரச விடக்கூடாது. உரசிய இடம் இறுகிப்போய் அடுத்த வெட்டை ஏற்காது. வெட்டினால் துணிந்து வெட்டுங்கள்.

ஓமலூரிலிருந்து: கடைத் தராசின் மேல் எனக்கு எப்போதும் ஒரு சந்தேகம்.

உருண்டை இரும்பு ராடு என்றால் தராசே வேண்டாம். கொத்தனார்கள் கம்பிக்குப் போடும் அதே கணக்கு: விட்டத்தை மில்லிமீட்டரில் அளந்து, அதை அதாலேயே பெருக்கி, 162-ஆல் வகுத்தால் ஒரு மீட்டருக்கு எத்தனை கிலோ என்று வரும். 25 மி.மீ. ராடுக்கு 3.86 கிலோ. முன்னே சொன்னேனே, அந்த ஒன்றரை அடிப் பளபளப்பு, அது ஒன்றே முக்கால் கிலோ இருக்கவேண்டும். இருந்தது. அந்த மனிதர் இரும்பின் பெயரில் பொய் சொன்னாரே தவிர எடையில் சொல்லவில்லை.

எலக்ட்ரானிக் தராசுக்கு வருடம் ஒருமுறை தொழிலாளர் துறை முத்திரை வாங்கவேண்டும். முத்திரையையும் வருடத்தையும் பார்க்கக் கேட்பது உங்கள் உரிமை. புகார் என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

ஜங்ஷன் பக்கத்திலிருந்து: பட்டடைக் கல்லாக வைத்துக்கொள்ள ஒரு முழம் தண்டவாளத் துண்டு கிடைக்கிறது. வாங்கலாமா?

பில் இருந்தால் மட்டும். 1966-ஆம் ஆண்டின் ரயில்வே சொத்துச் சட்டப்படி, அது நேர்வழியில் வந்தது என்று நிரூபிக்கவேண்டிய பொறுப்பு கையில் வைத்திருக்கும் உங்களுடையது. முதல் தடவைக்கே ஐந்து ஆண்டு வரை சிறை விழலாம். ரயில்வே தன் கழிவை ஏலத்தில் விற்கிறது; அந்த வழியில் வந்த துண்டுக்குக் காகிதம் இருக்கும். "யாரு கேக்கப்போறா" என்பது காகிதம் ஆகாது. மின்வாரியக் கம்பிக்கும் இதேதான் பதில்.

குரங்குச்சாவடியிலிருந்து: அலுமினியக் காஸ்டிங் என்று ஒன்று வாங்கினேன். கையில் எடுத்தால் கனமே இல்லை. மெக்னீசியமாக இருக்குமோ என்று பயமாக இருக்கிறது.

பயந்தது நல்லதுதான். சுரண்டிச் சுத்தமாக்கிய இடத்தில் ஒரு சொட்டு வினிகர் விடுங்கள். பொங்கினால் மெக்னீசியம், அலுமினியம் சும்மா இருக்கும். எடைபோட்டும் பார்க்கலாம். தண்ணீரில் முக்கி, எத்தனை மில்லி ஏறுகிறது என்று பாருங்கள். ஒரு மில்லிக்கு 2.7 கிராம் வந்தால் அலுமினியம், 1.7 பக்கம் வந்தால் மெக்னீசியம். கட்டியாக இருக்கும்வரை அது சாது. லேத்தில் மெல்லிய சுருளாக வரும்போது தீப்பிடிக்கும், பிடித்தால் தண்ணீர் ஊற்றவே கூடாது, காய்ந்த மணலைத்தான் கொட்டவேண்டும். என்னைக் கேட்டால் அதைக் கடையாமல் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

ஏற்காடு போகும் வழியில் வெள்ளையாகத் தெரியும் மேக்னசைட்டும் இதுவும் ஒன்றா என்றும் எழுதியிருந்தீர்கள். அது தாதுக் கல், எரியாது. எரியாததால்தான் உருக்கு உலைக்குள் செங்கல்லாகப் போகிறது.

இன்னொன்றும் சேர்த்துச் சொல்கிறேன். மூன்று இதழ் விசிறி மாதிரி கதிர்வீச்சு அடையாளம் போட்ட எதையும், கனத்த ஈயக் கூட்டையும் தொடாதீர்கள். 2010-ல் டெல்லி மாயாபுரியில் ஒரு பல்கலைக்கழகம் ஏலம் விட்ட ஆய்வுக் கருவியைப் பிரித்ததில் கோபால்ட்-60 வெளிப்பட்டு, பழைய இரும்புக் கடைத் தொழிலாளி ஒருவர் இறந்தார்.

ஏற்காட்டிலிருந்து: எஸ்டேட் குடோனில் தாத்தா காலத்துக் காப்பிப் பல்ப்பர் (காப்பிப் பழத்தின் தோலை உரிக்கும் இயந்திரம்) ஒன்று கிடக்கிறது. உடைத்தால் என்னென்ன உலோகம் தேறும்?

உடல் வார்ப்பிரும்பு. பழைய வார்ப்பு நன்றாகக் கடையும், மேல்தோலை மட்டும் முதல் வெட்டிலேயே தாண்டிவிட வேண்டும். அச்சு சுழலும் புஷ் கன்மெட்டலாக (செம்பும் வெள்ளீயமும் கலந்த உலோகம்) இருந்தால் அதுவே தனிச் சொத்து. டிரம்மின் மேல் சுற்றியிருப்பது செம்புத் தகடு என்றால் எடைக்கு நல்ல காசு வரும். ஆனால் முழுக்க மொட்டு மொட்டாகக் குத்தியிருப்பதால் மாடல் வேலைக்கு உதவாது.

எனக்கு ஒரு துண்டும் வேண்டாம், ஆனாலும் உடைக்காதீர்கள் என்றே சொல்வேன். பல்ப்பருக்குப் பாகம் தேடி அலையும் சின்ன தோட்டக்காரர்கள் மலையில் இன்னும் இருக்கிறார்கள். முழுதாக விற்றால் எடையைவிடக் கூடவே கிடைக்கும். முதலில் கைப்பிடியைச் சுற்றிப் பாருங்கள். மலைப் பனியில் இறுகியிருந்தால் இரண்டு நாள் மண்ணெண்ணெய் ஊறட்டும்.