சோக் இழுக்கும் வண்டியா, சாவி திருப்பும் வண்டியா?

கேள்வி: பிரிட்டனில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். ஞாயிறுதோறும் மகள் வீட்டுக்குப் போய்வர, இரண்டு இருக்கைகள் கொண்ட திறந்த கார் ஒன்றை வாங்க எண்ணியுள்ளேன். 1965-ஆம் ஆண்டு எம்ஜிபி ஒன்றும் 1991-ஆம் ஆண்டு மாஸ்டா எம்எக்ஸ்-5 ஒன்றும் கிட்டத்தட்ட ஒரே விலைக்குக் கிடைக்கின்றன. எதை வாங்கலாம்?
– வாசகர், பர்மிங்ஹாம்

பதில்: வேகத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். 1,798 சிசி எஞ்சினும் 95 குதிரைத்திறனும் கொண்ட எம்ஜிபி, மணிக்கு 96 கிலோமீட்டர் வேகத்தை எட்ட ஏறத்தாழ 12 விநாடி எடுத்துக்கொள்ளும், 1.6 லிட்டர் மாஸ்டாவுக்கு 9 விநாடி அளவே போதும். மகளைப் பார்க்கப் போகிறவருக்கு இந்த 3 விநாடி ஒரு பொருட்டல்ல. வண்டி ஓட்டும் வேலையில் எவ்வளவு உங்கள் தலையில் விழுகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

குளிர்காலக் காலையில் எம்ஜிபியைக் கிளப்ப, குளிர்ந்த எஞ்சினுக்குப் பெட்ரோலைக் கூட்டித் தரும் சோக் குமிழை வெளியே இழுத்துவிட்டுச் சாவியைத் திருப்ப வேண்டும். எஞ்சின் சூடேற ஏற, இரண்டு கார்புரேட்டர்களும் அளவுக்கு மீறிப் பெட்ரோல் குடிக்காதபடி அதே குமிழைச் சிறிது சிறிதாக உள்ளே தள்ள வேண்டும். மறந்துவிட்டால் பெட்ரோல் வாடையே நினைவூட்டும். 1965 வண்டியின் முதல் கியருக்கு, கியர் மாற்றும்போது பற்சக்கரங்களின் வேகத்தை ஒன்றாக்கும் சின்க்ரோமெஷ் அமைப்பு கிடையாது. 1967-இன் பிற்பகுதியில்தான் அது வந்தது. ஆகவே வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போது இரண்டாவதிலிருந்து முதல் கியருக்கு இறக்கினால் பற்சக்கரங்கள் நறநறவென்று கடித்துக்கொள்ளும். 1989-இல் சிகாகோ கண்காட்சியில் அறிமுகமான மாஸ்டாவிலோ சாவியைத் திருப்பியதும் புறப்பட்டுவிடலாம்; நான்கு சக்கரங்களுக்கும் டிஸ்க் பிரேக்கும் உண்டு. (அதுவும் இப்போது 30 வயதைத் தாண்டிவிட்டது என்பது வேறு.)

பழைய வண்டிக்கு உதிரிபாகம் கிடைக்குமா என்று தயங்க வேண்டாம். 1962 முதல் 1980 வரை 5 இலட்சத்துக்கும் மேல் விற்ற வண்டி அது. முழு உடற்கூடே 1988 முதல் புதிதாகச் செய்து தரப்படுகிறது. பெரிய மாற்றம் செய்யப்படாத, 40 வயது கடந்த வண்டிக்குச் சாலை வரியும் ஆண்டுத் தகுதிச் சோதனையும் அங்கே இல்லை. வரி விலக்குக்கு மட்டும் நீங்களே விண்ணப்பிக்க வேண்டும். 2021 முதல் அங்கே வழக்கத்துக்கு வந்துள்ள, 10 விழுக்காடு வரை எத்தனால் கலந்த இ10 பெட்ரோல் பழைய ரப்பர் குழாய்களை அரிக்கும் என்பதால், அவற்றை மாற்றுங்கள், அல்லது இ5 பெட்ரோலையே போடுங்கள்.

நீங்களே ஸ்பானர் பிடிக்கத் தயாராக இருந்து, மழை படாத கொட்டகையும் இருந்தால் எம்ஜிபியை வாங்குங்கள். இல்லையெனில் மாஸ்டாதான், மழையோ பனியோ, ஞாயிற்றுக்கிழமை தவறாது.

எதுவானாலும் துருவைப் பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள். இரண்டிலுமே கதவுக்கு அடியில் நீளவாக்கில் ஓடும் தகட்டுப் பகுதிதான் முதலில் அரிக்கும். மாஸ்டாவில் கூரையிலிருந்து மழைநீர் வடியும் குழாய் அடைத்துக்கொண்டால், அரிப்பு பின்சக்கரத்துக்குச் சற்று முன்னால் தொடங்கும். மெல்லிய துணியில் சுற்றிய சிறு காந்தம் ஒன்றை அங்கே வைத்துப் பாருங்கள். காந்தம் பிடிக்காத இடத்தில் இருப்பது தகடல்ல, பெயிண்டுக்கு அடியில் பூசிய பட்டி. அந்த வண்டிக்கு விலை பேசவே வேண்டாம்.