கடிக்கச் சொல்லிக்கொடுப்பது கடைசிப் பாடம்

மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு,

பிளஸ் டூ முடித்த உங்கள் மகன் காவல் நாய்களைப் பழக்கும் தொழிலுக்குத்தான் போவேன் என்று பிடிவாதமாக நிற்பதாகவும், இது உண்மையிலேயே ஒரு தொழிலா அல்லது வயதின் வேகமா என்று புரியாமல் நீங்கள் தூக்கமிழந்து தவிப்பதாகவும் எழுதியிருந்தீர்கள். இது தொழில்தான், அம்மா. அதுவும் பொறுமையும் நுட்பமும் மிகுதியாகத் தேவைப்படும் தொழில். ஆனால் காணொளிகளில் தம்பி பார்த்து மயங்கும் காட்சி, அதாவது நாய் பாய்ந்து வந்து ஒருவரின் கையுறையைக் கவ்வும் காட்சி, இந்தக் கல்வியின் கடைசிப் பாடம் என்பதை அவர் முதலில் உணர வேண்டும்.

இதற்குச் சிறந்த சான்று, ஜெர்மன் ஷெப்பர்ட் நாய்களின் உழைக்கும் திறனைச் சோதிப்பதற்காக ஜெர்மனியில் உருவாகி, ஷூட்ஸ்ஹுண்ட் என்று பெயர் பெற்று, இன்று ஐஜிபி என்ற பெயரில் பல நாடுகளில் நடைபெறும் தேர்வு. தடம் முகர்தல், கீழ்ப்படிதல், பாதுகாப்பு என்ற மூன்று பிரிவுகளுக்கும் தலா 100 மதிப்பெண். ஒவ்வொன்றிலும் குறைந்தது 70 பெற்றால்தான் தேர்ச்சி. இத்தேர்வின் மிக உயர்ந்த கட்டமான மூன்றாம் நிலையில், முன்பின் அறியாத ஒருவர் 600 காலடிகள் எடுத்து வைத்து நடந்து சென்ற தடத்தை, ஒரு மணி நேரம் கழித்து நாய் முகர்ந்து தொடர வேண்டும். இந்தப் படிகளுக்கெல்லாம் முன்பாக, கூட்டத்துக்கு நடுவிலும் மிதிவண்டிகளுக்கு அருகிலும் நாய் பதற்றமின்றி நடக்கிறதா என்று பார்க்கும் நடத்தைத் தேர்வு ஒன்று உண்டு. அதில் தேறாத நாய்க்கு அடுத்த படியே கிடையாது. பாதுகாப்புப் பிரிவிலும், கவ்விய கையுறையைக் கட்டளை கேட்டதும் விடாமல், கூடுதல் கட்டளைகளுக்கும் பிடிவாதம் காட்டும் நாய் தகுதி இழந்துவிடும். கவ்வுவது நாயின் இயல்பிலேயே இருக்கிறது. விடுவதற்குத்தான் ஆசிரியர் தேவைப்படுகிறார்.

கையுறை அணிந்து நாயின் எதிரே நிற்பவரை ஹெல்பர் என்பார்கள். எந்த நாய் விளையாட்டு வேகத்தில் பாய்கிறது, எந்த நாய் அச்சத்தால் பல்லைக் காட்டுகிறது என்பதைக் காது, வால், கண், குரைப்பின் தொனி ஆகியவற்றைக் கொண்டு நொடியில் கணிக்கும் திறன் அவருக்கு வேண்டும். அஞ்சும் நாயை மேலும் அச்சுறுத்திக் கடிக்க வைத்தால் அது காவல் நாயாக மாறாது. வீட்டுக்கு வரும் தபால்காரரையும் பக்கத்து வீட்டுக் குழந்தையையும் எதிரியாகப் பார்க்கும் நாயாகத்தான் வளரும். இந்தக் கணிப்பைப் புத்தகத்திலோ காணொளியிலோ கற்க இயலாது. நல்ல ஆசிரியரிடம் சில ஆண்டுகள் உடனிருந்து, கூண்டு கழுவி, தீவனம் வைத்து, நூற்றுக்கணக்கான நாய்களைக் கவனித்தே அதைப் பெற முடியும். எனவே ஆசிரியரைத் தேர்ந்தெடுக்கும் நாளில் நீங்களும் உடன் செல்லுங்கள். அவருடைய நாய் எப்படிக் கடிக்கிறது என்று பார்க்க வேண்டாம். பாய்ச்சலின் உச்சத்தில் அவர் ஒரு சொல் சொன்னதும் விட்டுவிட்டு அமர்கிறதா, பிறகு உங்கள் அருகில் அமைதியாக நிற்கிறதா என்று பாருங்கள். அடியையும் முள் கழுத்துப்பட்டையையும் மட்டுமே நம்பும் இடமாகத் தெரிந்தால் திரும்பி வந்துவிடுங்கள். சில வாரங்களில் சான்றிதழ் தருவதாகச் சொல்லும் இடங்களையும் நம்ப வேண்டாம்.

அரசுப் பணியின் வழியாகவும் இத்துறைக்குள் நுழையலாம். எல்லைப் பாதுகாப்புப் படைக்கு மத்தியப் பிரதேசத்தின் டேகன்பூரிலும், மத்திய ரிசர்வ் காவல் படைக்குப் பெங்களூருக்கு அருகே தரளுவிலும் நாய்ப் பயிற்சி மையங்கள் உள்ளன. ராணுவத்தின் குதிரை மற்றும் கால்நடைப் பிரிவுக்கு மீரட்டில் மையம் இருக்கிறது. ஆனால் இவற்றில் சேர்வதற்கான வழக்கமான வழி, முதலில் காவலராகவோ வீரராகவோ தேர்வாகி, பின்னர் நாய்ப் பிரிவைக் கேட்டுப் பெறுவதே. மாநிலக் காவல் துறையின் மோப்ப நாய்ப் பிரிவுக்கும் இதுவே பாதை. ஓடும் உடல் திறனும் எழுத்துத் தேர்வுக்கான தயாரிப்பும் அவருக்கு இருந்தால், நான் முதலில் பரிந்துரைப்பது இதைத்தான்.

தனியாகத் தொழில் செய்ய விரும்பினால், வருவாயின் பெரும்பகுதி வீட்டு நாய்களின் கீழ்ப்படிதல் பயிற்சியில்தான் கிடைக்கும் என்பதை அறிந்தே இறங்கட்டும். அங்கே நாயைவிட அதன் உரிமையாளருக்கே அதிகம் கற்பிக்க வேண்டியிருக்கும். ஆகவே கல்லூரிப் படிப்பை நிறுத்தச் சம்மதிக்காதீர்கள். விலங்கியலோ வணிகவியலோ, ஏதேனும் ஒரு பட்டத்தைப் படித்துக்கொண்டே காலையும் வார இறுதியும் ஆசிரியரிடம் பயிலலாம். இந்திய கென்னல் கிளப்பின் தலைமையகம் சென்னையில்தான் இருக்கிறது. அங்கீகாரம் பெற்ற கிளப்புகள் நடத்தும் கண்காட்சிகளுக்கும் கீழ்ப்படிதல் போட்டிகளுக்கும் பார்வையாளராகச் சென்று வந்தால் ஆசிரியர்களை அடையாளம் காணவும் எளிதாக இருக்கும்.

ஒரு பொறுப்பை மட்டும் அவர் இப்போதே மனத்தில் ஏற்க வேண்டும். தம் பொறுப்பிலுள்ள விலங்கால் மனிதருக்கு ஆபத்து நேராதபடி கவனிக்கத் தவறுவது பாரதிய நியாய சன்ஹிதாவின் 291ஆம் பிரிவின்படி குற்றம். தற்காப்பைப் பொறுத்தவரை, நாய்களோடு தொழில் செய்பவர்களுக்கு வெறிநாய்க்கடி தடுப்பூசி முன்கூட்டியே போடப்படுகிறது. மருத்துவரிடம் அழைத்துச் சென்று அதன் தவணைகளையும், டெட்டனஸ் ஊசியையும் போட்டு முடித்த பிறகே தம்பியைக் களத்துக்கு அனுப்புங்கள்.