குழந்தைக்குக் கரப்பான், அம்மா ஏன் பத்தியம் இருக்க வேண்டும்?

கேள்வி: என் மகனுக்கு 8 மாதம். கன்னங்கள் சிவந்து சொரசொரப்பாகிவிட்டன. இரவெல்லாம் சொறிந்து அழுகிறான். தாய்ப்பால் கொடுப்பதால் கத்திரிக்காய், மீன், முட்டை எல்லாவற்றையும் நிறுத்திவிட்டேன். பயத்தம் மாவு தேய்த்துக் குளிப்பாட்டுகிறோம். மருந்துக்கடையில் வாங்கிய கிரீம் பூசினால் இரண்டே நாளில் மறைகிறது, நிறுத்தினால் திரும்புகிறது. என்ன செய்வது?

பதில்: முதலில் நீங்கள் வயிறாரச் சாப்பிடுங்கள். நீங்கள் சொல்வது எக்ஸிமா, அதாவது கரப்பான், போலத் தெரிகிறது. குழந்தை மருத்துவர் நேரில் பார்த்து உறுதிசெய்யட்டும். இது பெரும்பாலும் தோலின் இயல்பால் வருவது. ஈரத்தைப் பிடித்துவைக்கும் மேல்தோல் இக்குழந்தைகளுக்குப் பலவீனமாக இருக்கும். ஏதாவது சாப்பிட்ட ஓரிரு மணி நேரத்தில் குழந்தைக்குத் தடிப்பு, வாந்தி, முகவீக்கம் வந்தால் உணவைச் சந்தேகிக்க வேண்டும்.

எனக்கு உண்மையில் கவலை தருவது அந்தக் கிரீம்தான். பூஞ்சை மருந்து, ஆன்டிபயாடிக், வீரியமான ஸ்டீராய்டு மூன்றும் கலந்த கிரீம்கள் நம் ஊரில் சீட்டு இல்லாமலே கிடைக்கின்றன. டியூபில் 'குளோபெட்டாசோல்' என்று இருந்தால், அது மிக வீரியமான ஸ்டீராய்டு; கைக்குழந்தையின் முகத்துக்கு ஆகவே ஆகாது, தோல் மெலிந்துபோகும். டியூபை எடுத்துக்கொண்டு இந்த வாரமே மருத்துவரிடம் செல்லுங்கள். அதற்காக அவர் எழுதித்தரும் ஸ்டீராய்டுக்குப் பயப்படாதீர்கள். முகத்துக்குப் பெரும்பாலும் 1 சதவீத ஹைட்ரோகார்ட்டிசோன் போன்ற மென்மையானதைத்தான், சில நாட்களுக்கு மட்டும், தருவார்கள். உங்கள் ஆள்காட்டி விரலின் நுனியிலிருந்து முதல் மடிப்புவரை பிதுக்கும் கிரீம், விரல்களோடு சேர்த்து உங்கள் இரண்டு உள்ளங்கை அகல இடத்துக்குப் போதும். பயந்து பயந்து தொட்டுவைத்தால் புண் ஆறாது, மருந்தும் நீளும்.

பயத்தம் மாவை நிறுத்துங்கள். அது பச்சைப்பிள்ளையின் தோலை உராய்ந்து, உள்ள எண்ணெய்ப்பசையையும் எடுத்துவிடும். சோப்பு, பவுடர், சாம்பிராணிப் புகையும் வேண்டாம். வெதுவெதுப்பான நீரில் 5 முதல் 10 நிமிடம் குளிப்பாட்டி, துண்டால் தேய்க்காமல் ஒற்றியெடுங்கள். ஈரம் முழுதாகக் காயும் முன், மூன்று நிமிடங்களுக்குள், மணமில்லாத மாய்ஸ்சரைசரை (தோலின் ஈரத்தைக் காக்கும் கிரீம்) உடம்பு முழுக்கப் பூசுங்கள். தோல் நன்றாக இருக்கும் நாட்களிலும் குறைந்தது இரண்டு வேளை. கைக்குழந்தைக்கே வாரம் 100 கிராமுக்கு மேல் செலவாகும். 50 கிராம் டியூப் ஒரு மாதம் வந்தால், நீங்கள் பூசுவது போதவில்லை. விலை கட்டுப்படியாகாவிட்டால் பெட்ரோலியம் ஜெல்லி நல்ல மாற்று. தேங்காய் எண்ணெய் ஒத்துக்கொண்டால் தடவலாம். கடுகு எண்ணெயும் ஆலிவ் எண்ணெயும் வேண்டாம்.

நகத்தை ஒட்ட வெட்டி, தளர்வான பருத்திச் சட்டை போடுங்கள். வியர்வை அரிப்பைக் கூட்டும். மின்விசிறிக் காற்று நல்லது. தடுப்பூசியை இதற்காகத் தள்ளிப்போடாதீர்கள்.

புண்ணில் மஞ்சள் பொருக்கோ சீழோ கண்டால் அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். கொத்துக் கொத்தாக நீர்க்கொப்புளங்கள் வந்து, காய்ச்சலும் சேர்ந்து, குழந்தை சோர்ந்துபோனால் அது ஹெர்பெஸ் கிருமித் தொற்றாக இருக்கலாம். நள்ளிரவானாலும் விடியட்டும் என்று காத்திராமல் மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்லுங்கள்.