மூக்கை வெட்டாதீர்கள், பெட்டியை மாற்றுங்கள்

கேள்வி: வியாபாரியிடம் 50 நாட்டுக்கோழிக் குஞ்சுகளும், அவரே கொடுத்த 3-க்கு 2 அடி புரூடர் பெட்டியும் (குஞ்சுகளைச் சூட்டில் வைத்து வளர்க்கும் பெட்டி) வாங்கினேன். 10 நாள் ஆகிறது. நான்கு குஞ்சுகளுக்கு வாலடியில் ரத்தம். மஞ்சள் பூசியும் மற்றவை விடாமல் கொத்துகின்றன. மூக்கை, அதாவது அலகு நுனியை, வெட்டச் சொல்கிறார் வியாபாரி. வெட்டலாமா?

பதில்: வேண்டாம். அடிபட்ட நான்கையும் உடனே வெளியே எடுங்கள். சிவப்பைக் கண்டால் குஞ்சு கொத்தத்தான் செய்யும். ஒன்று ஆரம்பித்தால் மற்றவையும் பழகிவிடும். ரத்தம் கசிந்தால் சுத்தமான பஞ்சை வைத்து இரண்டு நிமிடம் அழுத்துங்கள். கொதித்து ஆறிய அரை லிட்டர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி உப்பைத் தலைதட்டிப் போட்டுக் கரைத்து, அதில் புண்ணைக் கழுவி ஒற்றி எடுங்கள். பிறகு போவிடோன் அயோடின் என்ற கிருமிநாசினியைப் பால் விடாத டீ நிறத்துக்கு நீர்க்கச் செய்து தடவுங்கள். மண்ணெண்ணெய், கழிவு ஆயில் எதுவும் கூடாது. ஈ மொய்த்தால் புண்ணைச் சுற்றி மட்டும் ஒரு சொட்டு வேப்பெண்ணெய். தனிப்பெட்டியில் உமிக்குப் பதில் பழைய வேட்டித்துணி விரியுங்கள். உமி புண்ணில் ஒட்டும். நான்கையும் ஒன்றாக விட்டால் அங்கேயும் கொத்திக்கொள்ளும், நடுவே வலை வையுங்கள். பல்பு சூடு கட்டாயம்.

மருந்து போடும் முன் ஒன்றைப் பார்த்துவிடுங்கள். ஈரப்பஞ்சால் ஆசனவாயைத் துடையுங்கள். தோல் கிழிந்திருந்தால் அது கொத்துக் காயம். தோல் முழுசாக இருக்கிறதா? குஞ்சை வெள்ளைத்தாள் மேல் விட்டு, எச்சமிடும் வரை காத்திருங்கள். எச்சத்திலேயே ரத்தம் கலந்திருந்தால் அது ரத்தக்கழிச்சல். பொதுவாக மூன்று வாரத்துக்கு மேல்தான் வரும், ஈரமான உமியில் முன்னதாகவும் தலைகாட்டும். பின்புறம் படிந்த அந்த ரத்தத்தைத்தான் மற்றவை கொத்தும். நீங்கள் காயம் என்று நினைத்து மருந்து தடவிக்கொண்டிருப்பீர்கள், உள்ளே நோய் முற்றும். அந்த எச்சத்தாளோடு கால்நடை மருத்துவரிடம் போங்கள். "குஞ்சுக்கெல்லாமா வந்தீங்க?" என்று கேட்டால் பின்வாங்காதீர்கள். ஆடு மாட்டுக்கு இருக்கிற மருந்தகம் கோழிக்கும்தான்.

இனி பெட்டிக்கு வருவோம். தவறு அங்கேதான். நான்கு வாரம் வரை குஞ்சு ஒன்றுக்கு அரை சதுர அடி வேண்டும், 50-க்கு 25. உங்களுக்குக் கிடைத்திருப்பது 6. "50 குஞ்சுக்குப் போதும்" என்று பெட்டியை விற்பவர், கொத்து ஆரம்பித்ததும் மூக்கு வெட்டவும் கூலி கேட்பார்! நகவெட்டியால் வெட்டினால் ரத்தம் போகும், தீவனம் எடுக்காது, மேயும் கோழிக்குக் கடைசிவரை ஊனம். பெயர் ஒட்டாத பொடிப் பொட்டலமும் தருவார். வாங்காதீர்கள். உணவுக்கு வளர்க்கும் கோழிகளுக்குக் கோலிஸ்டின் என்ற ஆன்டிபயாடிக் மருந்தை விற்க 2019-லேயே மத்திய அரசு தடை போட்டது. பொட்டலத்துக்குள் இருப்பது எது என்று யார் சொல்வார்?

தகடு வளைத்து ஆறடி விட்டமுள்ள வட்டம் கட்டுங்கள். குஞ்சுக்கு 2 வாட் கணக்கில் 100 வாட் போதும், முடிந்தால் சிவப்பு பல்பு; அந்த வெளிச்சத்தில் ரத்தச் சிவப்பு தனியாகத் தெரியாது. பளிச்சென்ற வெளிச்சமும் அதிகச் சூடும் கொத்தலைத் தூண்டும். குஞ்சுகள் விலகி நின்று வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் பல்பை உயர்த்துங்கள்; அடியில் குவிந்தால் இறக்குங்கள். புரதம் குறைந்தாலும் கொத்தும். வெறும் குருணையில் புரதம் 8 சதவீதம் அளவுதான், குஞ்சுத் தீவனத்தில் 20. தலை உயரத்தில் முருங்கைக்கீரைக் கொத்து ஒன்றைக் கட்டித் தொங்கவிட்டால் அலகு அங்கே போகும்.

பொருக்கு உதிர்ந்து தோல் மூடிய பிறகே நான்கையும் சேர்த்து, இரவில் உள்ளே விடுங்கள். மறுநாள் காலை ஒரு மணி நேரம் பக்கத்திலேயே இருந்து பாருங்கள்.