இரண்டு வால் இருந்தால் ஸ்டோன்ஃப்ளையா?

கேள்வி: எங்கள் எஸ்டேட் ஓடையில் கல்லைப் புரட்டியபோது ஒன்றரை சென்டிமீட்டர் நீளத்தில், மஞ்சளும் பழுப்புமாக, இரண்டு வாலோடு ஒரு பூச்சி இருந்தது. செல்போன் ஆப் ‘மேஃப்ளை’ என்கிறது, தோழி ‘ஸ்டோன்ஃப்ளை’ என்கிறாள். நான்கு படங்கள் அனுப்பியிருக்கிறேன். இது எந்தச் சிற்றினம்?
– கல்லூரி மாணவி, வால்பாறை

பதில்: தோழி சொன்னதுதான் சரி, இது ஸ்டோன்ஃப்ளையின் இளம்பூச்சி. ஸ்டோன்ஃப்ளை, மேஃப்ளை இரண்டுமே இளம் பருவத்தைத் தண்ணீரில் கழித்து, பிறகு இறக்கை விரித்து வெளியே வரும் பூச்சிகள். ஆனால் வாலை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள். மேஃப்ளைக்குப் பெரும்பாலும் மூன்று வால் என்றாலும், எபியோரஸ் என்ற மேஃப்ளைப் பேரினம் மாதிரி இரண்டே வால் உள்ளவையும் இதே ஓடைக் கற்களில் ஒட்டிக்கொண்டிருக்கும். காலின் நுனியைப் பாருங்கள்: ஸ்டோன்ஃப்ளைக்கு இரண்டு நகம், மேஃப்ளையின் இளம்பூச்சிக்கு ஒன்றுதான். அப்புறம் செவுள். மேஃப்ளைக்கு அது வயிற்றின் இரு பக்கமும் இலை இலையாக இருக்கும். நீங்கள் மூன்றாவது படத்தில் பூச்சியை மல்லாத்தி எடுத்திருக்கிறீர்கள் இல்லையா, அதில் கால்கள் உடம்போடு சேருகிற இடத்தில் வெள்ளை நூல் கொத்து மாதிரி தெரிவதுதான் இதன் செவுள். நம் மலை ஓடைகளில் மார்பில் இப்படிக் கொத்துச் செவுள் இருந்தால் பெர்லிடே என்ற ஸ்டோன்ஃப்ளை குடும்பம் என்று நம்பிச் சொல்லலாம். பலரும் முதுகை மட்டும் எடுத்து அனுப்புவார்கள், நீங்கள் அடிப்பக்கத்தையும் எடுத்தது மிக நல்ல காரியம்.

அடுத்து தலை. கூட்டுக் கண்களுக்கு நடுவே புள்ளி புள்ளியாகச் சிறு கண்கள் இருக்கும். பெர்லிடேயில் பல பேரினங்களுக்கு மூன்று, உங்கள் பூச்சிக்கு இரண்டு. மேற்குத் தொடர்ச்சி மலையில் இப்படி இருந்தால் முதலில் நினைவுக்கு வருவது நியோபெர்லா என்ற பேரினம். ஃபனோபெர்லா என்ற இன்னொரு பேரினத்துக்கும் இரண்டுதான் என்பதால் ‘அநேகமாக நியோபெர்லா’ என்று எழுதிக்கொள்ளுங்கள்.

சிற்றினம் சொல்ல முடியாது. படம் தெளிவில்லை என்பதற்காக இல்லை, இளம்பூச்சியின் உடம்பில் அதற்கான அடையாளம் கிடைப்பதில்லை. நியோபெர்லாவைப் பிரிப்பது வளர்ந்த ஆணின் புணர்ச்சி உறுப்பை வெளியே தள்ளிப் பார்த்து, அதிலுள்ள நுண்ணிய முட்களின் வரிசையை வைத்துத்தான், பெண்ணாக இருந்தால் முட்டை ஓட்டின் வரிகளை வைத்து. வட அமெரிக்காவில் நியோபெர்லா கிளைமனி என்ற ஒரே பெயரில் எல்லாவற்றையும் போட்டு வைத்திருந்தார்கள், 1839-இல் நியூமன் வைத்த பெயர் அது. 1978-இல் ஸ்டார்க், பௌமன் என்ற இரு பூச்சியியலாளர்கள் இந்த உறுப்பையும் முட்டையையும் பார்த்தபோதுதான் அந்த ஒரு பெயருக்குள் பல சிற்றினங்கள் கலந்து கிடந்தது தெரிந்தது. நிறத்தை நம்பியிருந்தால் இன்றைக்கும் ஒன்றாகவே இருந்திருக்கும்.

அதனால் உங்கள் நோட்டில் ‘அநேகமாக நியோபெர்லா, சிற்றினம் தெரியவில்லை’ என்று எழுதுவதில் குறையே இல்லை. ஏதோ ஒரு பெயரை ஒட்டிவிடுவதைவிட அது ஆயிரம் மடங்கு மேல், பின்னால் வருகிறவர்களுக்கு அதுதான் உதவும்.

கேள்வி: டிஎன்ஏ பார்த்துவிட்டால் வேலை முடிந்துவிடாதா?
– அதே மாணவி

பதில்: டிஎன்ஏ பார்கோடு, அதாவது ஒரு சிறு டிஎன்ஏ துண்டை ஒப்பிட்டு இனம் காணும் முறை, தரவுத்தளத்தில் ஏற்கெனவே சரியாகப் பெயரிட்ட பூச்சியின் டிஎன்ஏ வரிசை இருந்தால்தான் பெயர் சொல்லும். இல்லையென்றால் ‘இதுவும் அதுவும் நெருங்கிய சொந்தம்’ என்பதோடு நின்றுவிடும். ஆனால் இளம்பூச்சியையும் அதன் வளர்ந்த ஆணையும் இணைக்க அருமையான வழி. இன்னொரு வழி, குளிர்ந்த ஓடைநீரில் காற்று ஏற்றி இளம்பூச்சியை வளர்ப்பது. ஓடையில் அது கல் மேல் ஏறித் தோலுரித்துத்தான் இறக்கை விரிக்கும், அதனால் தொட்டியிலும் தண்ணீருக்கு மேலே ஒரு கல் நீட்டிக்கொண்டிருக்கட்டும். உரித்த தோலைத் தூக்கிப் போடாதீர்கள், அதில் செவுளும் வாயுறுப்பும் அப்படியே இருக்கும். தோலையும் வளர்ந்த பூச்சியையும் ஒரே குப்பியில், 95 சதவீத எத்தனாலில் போட்டு, இடம், தேதி, உயரம் மூன்றையும் பென்சிலால் எழுதி உள்ளேயே வையுங்கள், பேனா மை கரைந்துவிடும். ஒன்று மட்டும் கவனம்: புலிகள் காப்பகத்துக்குள் ஓடும் ஓடை என்றால் வனத்துறை அனுமதி இல்லாமல் ஒரு பூச்சியைக்கூட எடுக்கக் கூடாது, எஸ்டேட் ஓடை என்றாலும் எஸ்டேட்காரர்களிடம் கேட்டுவிட்டு இறங்குங்கள்.