சி.ஆர்.பி. 24 என்றால் நிமோனியாவா?

கேள்வி: மூன்று வயது மகளுக்கு மூன்று நாளாகக் காய்ச்சல், இருமல், மஞ்சள் சளி. வாடைக்காற்று பட்டதாலா தெரியவில்லை. மருந்துக்கடையில் அசித்ரோமைசின் என்ற ஆன்டிபயாட்டிக் வாங்கிக் கொடுத்து வருகிறேன். ரத்தப் பரிசோதனையில் சி.ஆர்.பி. 24, வெள்ளணுக்கள் 13,800. இரண்டுமே அதிகம் என்று தாளில் இருக்கிறது. ரத்தத்தில் கிருமி கலந்துவிட்டதாக இணையத்தில் போட்டிருக்கிறது. நாளை மறுபடி டெஸ்ட் எடுக்கலாமா?
ஒரு தாய், தங்கச்சிமடம்

பதில்: ரத்தத்தில் கிருமி கலந்துவிட்டது என்று அந்தத் தாள் சொல்லவே இல்லை. சி.ஆர்.பி. கல்லீரலில் உண்டாகும் ஒரு புரதம். உடம்பில் எங்கே அழற்சி இருந்தாலும் ஏறும். பாக்டீரியாவுக்கும் ஏறும், வைரஸுக்கும் ஏறும். மூன்றாம் நாள் காய்ச்சலில் லிட்டருக்கு 24 மில்லிகிராம் என்பது சாதாரண வைரஸ் சளியிலேயே நாங்கள் பார்க்கும் அளவுதான். நூறைத் தாண்டினால் பாக்டீரியா என்ற சந்தேகம் வலுக்கும். அப்போதும் குழந்தையைத் தொட்டுப் பார்க்காமல் முடிவு சொல்ல முடியாது. அலகை மட்டும் ஒருமுறை சரிபாருங்கள். சில லேப்களில் டெசிலிட்டர் (லிட்டரில் பத்தில் ஒரு பங்கு) கணக்கில் போடுவார்கள். அந்தக் கணக்கில் 24 என்றால் பத்து மடங்கு. அப்படியிருந்தால் இன்றே மருத்துவரிடம் போங்கள்.

13,800-க்குக் கவலை வேண்டாம். தாளில் பக்கத்தில் அச்சடித்திருக்கும் 4,000 – 11,000 பெரியவர்களுக்கான அளவு. மூன்று வயதில் 15,000 வரைகூட இயல்புதான். மஞ்சள் சளியும் அப்படியே. வைரஸ் சளியே இரண்டு மூன்று நாளில் மஞ்சளாகிவிடும். வாடைக்காற்றால் நிமோனியா வராது.

நீங்கள் உண்மையில் பயப்படுவது நிமோனியாவுக்கு. அதைக் கண்டுபிடிக்க ரத்தத்தைவிட மூச்சுதான் நல்ல சாட்சி. குழந்தை தூங்கும்போது, அல்லது அழாமல் மடியில் இருக்கும்போது, சட்டையைத் தூக்கிவிட்டு வயிற்றைப் பாருங்கள். ஒருமுறை ஏறி இறங்கினால் ஒன்று. கடிகாரம் வைத்து முழுதாக ஒரு நிமிடம் எண்ணுங்கள். அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்க வேண்டாம், குழந்தைகளின் மூச்சு ஒரே சீராக இருக்காது. காய்ச்சல் கொதிக்கும்போதும் மூச்சு வேகமாகும் என்பதால், பாராசிட்டமால் கொடுத்துச் சூடு தணிந்த பிறகு இன்னொரு முறை எண்ணிப் பாருங்கள். ஒன்று முதல் ஐந்து வயதுவரை நிமிடத்துக்கு 40-ஐத் தொட்டால் அது வேகமான மூச்சு. அன்றே மருத்துவரிடம் காட்டியாக வேண்டும்.

எண்ணும்போதே விலா எலும்புக்குக் கீழே பாருங்கள். மூச்சை இழுக்கும்போது அந்த இடம் உள்ளே குழிந்தாலோ, மூச்சுக்கு மூச்சு முனகினாலோ, உதடு நீலம் பாரித்தாலோ, தண்ணீர்கூடக் குடிக்க முடியாமல் துவண்டு கிடந்தாலோ, விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். பாலம் தாண்டி இராமநாதபுரம் போய்ச் சேரவே நேரமாகும். ராத்திரியானாலும் உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். வண்டியிலேயே ஆக்சிஜன் இருக்கும்.

அப்புறம் அந்த அசித்ரோமைசின். சொல்லியே ஆக வேண்டும், இது எனக்குக் கோபம் வரவழைக்கும் விஷயம். குழந்தையின் நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப் வைக்காதவர் எடுத்துக்கொடுத்த மருந்து அது. வைரஸ் என்றால் அது எதுவும் செய்யாது. பாக்டீரியா நிமோனியா என்றாலோ குழந்தைகளுக்கு நாங்கள் முதலில் எழுதுவது பெரும்பாலும் அமாக்சிசிலின்; அதை எடைபார்த்து எழுத வேண்டும். ஆக எப்படிப் பார்த்தாலும் அந்த பாட்டிலால் உங்களுக்கு லாபம் இல்லை. நாளைக் காலை குழந்தையையும் பாட்டிலையும் எடுத்துக்கொண்டு குழந்தை மருத்துவரிடம் போங்கள். எத்தனை வேளை கொடுத்தீர்கள் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். தொடர்வதா நிறுத்துவதா என்று அவர் சொல்லட்டும்.

நீங்களாகப் போய் மறுபடி ரத்தம் எடுக்க வேண்டாம். சி.ஆர்.பி. குறைந்திருந்தால் மருந்து கேட்டது என்று நினைப்பீர்கள். வைரஸ் காய்ச்சல் தானாக அடங்கினாலும் அது குறையத்தான் செய்யும். காய்ச்சல் ஐந்து நாளைத் தாண்டினாலோ, ஒருநாள் விட்டுவிட்டு மறுபடி ஏறினாலோ திரும்பக் காட்டுங்கள். எக்ஸ்ரே வேண்டுமா, ரத்தம் வேண்டுமா என்பதை மருத்துவர் அப்போது பார்த்துக்கொள்வார்.